குற்றாலத்தில் ஓடும், கடையநல்லூரில் ஓடாது

எங்கள் பக்கத்து சர்வீஸ்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒருவர் புது லேப்டாப்பைப் பிரித்துப் படம் எடுத்துப் போட்டு, "இதுல கிராபிக்ஸ் கார்டை மாத்திக் கொடுங்கன்னு கஸ்டமர் ஒத்தக் கால்ல நிக்காரு. என்ன சொல்லட்டும்?" என்று கேட்டிருந்தார். படத்தில் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே போர்டில் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். ஒருவர் மட்டும், "லெச்சுமியக்கா காலத்துல அதையெல்லாம் கழட்டி மாத்துவாங்களாம். அவங்களைக் கேளுங்க" என்று எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வேலையை விட்டது போன தை மாதம். அதற்குள் எனக்கு ஒரு 'காலம்' வந்து, அது முடிந்தும் போய்விட்டதாம்! கோபத்தில், "மொதல்ல லேப்டாப்பை எந்த ஊர்ல வச்சு ஓட்டப் போறாருன்னு கேளுங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டு போனை வைத்துவிட்டேன். அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று எல்லாரும் முடிவு கட்டியிருப்பார்கள். கட்டட்டும். ஆனால் நான் விளையாட்டாக எழுதவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ். பிறகு டிவி, பிறகு யுபிஎஸ், பிறகு கம்ப்யூட்டர். கூடப் படித்த பெண்கள் கல்யாணம் ஆனதும் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்கள். எனக்கும் கல்யாணம் ஆனது, நான் வைக்கவில்லை. இதற்கு மேல் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும்.

வேலை பார்த்தது மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டுமேல் இருந்த கடையில். முதலாளி குற்றாலிங்கம் அண்ணாச்சி. கடைக்கு வருகிறவர்கள் நான் கையில் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "குளிக்கப் போயிருக்காரு, உக்காருங்க" என்பேன். அவர் வருவதற்குள் வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். சிலர் அதற்குப் பிறகும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார்கள்.

அண்ணாச்சியிடம் இரண்டு குணங்கள். ஒன்று, 'முடியாது' என்ற வார்த்தையை அவர் கடைக்குள் விடமாட்டார். "பாப்போம்" என்று அவர் சொன்னால் முடியாது என்று அர்த்தம். "பாக்கலாம்" என்றால் அடுத்த மாதம் வா என்று அர்த்தம். "பாத்திருவோம்" என்றால் லெச்சுமி பார்ப்பாள் என்று அர்த்தம்.

இரண்டாவது, அவர் டெஸ்ட் செய்கிற முறை. ரிப்பேர் முடிந்த லேப்டாப்பைப் பின்ஜன்னல் ஓரத்து மேஜையில் ஓடவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் போய் அருவியில தலையைக் காட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் நிக்காம ஓடுச்சுன்னா பாஸு" என்று ஸ்கூட்டரைக் கிளப்புவார். மெயின் அருவியில் கூட்டமிருந்தால் பரீட்சை நீளும், இல்லையென்றால் சீக்கிரம் முடியும். தலை துவட்டிக்கொண்டே திரும்பி வந்து லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்ப்பார். "ஜம்முனு இருக்கு, கொடுத்திரு." இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எங்கள் கடையில் கிடையாது.

அப்படி ஒரு சாரல் சீசனில்தான் ஜமீலா வந்தாள். கடையநல்லூர்ப் பெண். புருஷன் துபாயில். கையில் ஒரு லேப்டாப் வைத்திருந்தாள், அம்மிக்கல் கனம். புருஷன் அங்கே பழைய சாமான் கடையில் வாங்கி, தெரிந்தவர் மூலமாகக் கொடுத்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே கட்டடப் படம் வரைந்து கொடுப்பது அவள் தொழில். வளைகுடாக் காசில் வீடு கட்டுகிற ஊரில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை.

"மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்து முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். அவள், "நீங்கதான் பாப்பீங்களாக்கா? அப்பாடா!" என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் தெருக்காரர் சாகுல், துபாயிலிருந்து லீவில் வந்தவர், வீடு கட்டப்போகிறார். வெறும் படம் அவருக்குப் போதாது. கட்டாத வீட்டுக்குள் நடந்து போவதுபோலத் திரையில் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை ஜமீலாவுக்கு, இல்லையென்றால் திருநெல்வேலி இன்ஜினியருக்கு. அப்படிக் காட்டுகிற புது சாப்ட்வேரைப் போட்டால், உன் கிராபிக்ஸ் கார்டு பழசு என்று எழுதிக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. சாகுல் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் விமானம் ஏறுகிறார்.

"அதுக்குள்ள ஓடிருமாக்கா?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றதைச் சொன்னாள். "இந்த ஒரு வேலை கையில நின்னுட்டா ஊருக்கே வந்துருதேன், ரெண்டு பேருமாச் சேந்து பண்ணுவோம்னு அவரு சொல்லியிருக்காரு. அவரோட உம்மா, எங்க மாமிட்ட இதச் சொல்லல. நடக்காமப் போச்சுன்னா தாங்க மாட்டாங்க. நீங்களும் யார்ட்டயும் சொல்லிராதீங்க."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். அண்ணாச்சி லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்து, கீழே இறக்கி வைத்து, "பாத்திருவோம்" என்றார். அதாவது என் தலையில் விழுந்தது.

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படம் வரைகிற பகுதி. அநேகமாக எல்லா லேப்டாப்பிலும் அது போர்டோடு ஒட்டியே வரும். பெரிய வேலைக்கென்று செய்த சில தடியன்களில் மட்டும் தனி அட்டையாகச் செருகியிருப்பார்கள். ஜமீலாவுடையது அந்த ஜாதி. திறந்து பார்த்து அட்டையைக் கண்டதும் விசிலடித்தேன். ஒரு பொம்பளை விசிலடிப்பதை அண்ணாச்சி அன்றுதான் முதலில் கேட்டார். அதே வரிசையில் பின்னால் வந்த லேப்டாப்பிலிருந்து கழற்றிய புது மாடல் அட்டை ஒன்றை, சென்னையில் பழைய சாமான் விற்கிறவரிடமிருந்து பார்சலில் வரவழைத்தோம்.

வேலை இப்படி. முதலில் பேட்டரியைக் கழற்றி வைக்கவேண்டும். ஸ்குரூக்களை, அவை இருந்த அதே வரிசையில் காந்தப் பலகையில் ஒட்டவேண்டும். சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற ஹீட் சிங்க்கின் ஸ்குரூக்களை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. குறுக்கு மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். இல்லையென்றால் சிப்பின் ஓரம் பெயர்ந்துவிடும். சூடு கடத்த சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். அட்டையைச் சரிவாகத் தூக்கி உருவி, புதியதைச் சரிவாகவே நுழைத்து அமுக்கினேன்.

அதில் ஒரு வம்பு இருந்தது. புது அட்டையின் சிப் பழையதைவிடக் குள்ளம். பேஸ்ட் தடவி ஹீட் சிங்க்கை வைத்து எடுத்துப் பார்த்தால் அதில் பேஸ்ட் ஒட்டவே இல்லை. தொடவில்லை என்றால் சூடு எப்படி வெளியே போகும்? தென்காசிப் பாத்திரக்கடையில் மெல்லிய செப்புத் தகடு வாங்கி, சிப் அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து இடையில் வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தபோது பேஸ்ட் அழகாகப் பதிந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் சாப்ட்வேர் மூச்சுக் காட்டாமல் திறந்தது. சாகுலின் வீடு திரையில் எழுந்து நின்றது. நான் வாசல் வழியாகப் போய், அடுக்களையைப் பார்த்து, மாடிப்படி ஏறினேன். எனக்கே அங்கே குடியிருக்கலாம் போல இருந்தது.

அண்ணாச்சி தலையைக் காட்டப் போனார். அன்றைக்கு நல்ல சாரல், ஏகப்பட்ட கூட்டம். அவர் உதடு வெளுத்துத் திரும்பி வரும்வரை லேப்டாப் நிற்கவே இல்லை. கை வைத்துப் பார்த்தார். "ஜம்முனு இருக்கு."

மறுநாள் ஜமீலா போனில் அழுதாள். "கொஞ்ச நேரம் நல்லா ஓடுதுக்கா. அப்புறம் படக்குனு அணைஞ்சிருது."

கொண்டுவரச் சொன்னேன். ஜன்னல் மேஜையில் வைத்தோம். அண்ணாச்சி குளித்துவிட்டு வரும்வரை ஓடியது. கொடுத்தனுப்பினோம். கடையநல்லூரில் படக்கென்று அணைந்தது. மறுபடி வந்தது. இந்தத் தடவை கூடவே ஜமீலாவின் மாமியார் பாத்துமுத்து அக்காவும் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இவ ராவும் பகலும் இந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழுவுதா. அது என்னடான்னா எங்க வீட்டுல படுத்துக் கிடக்கு, இங்கன வந்ததும் எந்திரிச்சு ஆடுது. ஆளைப் பாத்து வேலை செய்யுமோ?"

"வீட்டுல கரண்டு கூடக்கொறைய வருதோ என்னமோ" என்றார் அண்ணாச்சி.

"எங்க வீட்டுக் கரண்டைக் கொறை சொல்லாதீய. அதே கரண்டுலதான் என் கிரைண்டர் ஓடுது. அது ஒரு நாளும் உங்க கடையைத் தேடி வந்ததில்ல."

நான் சிரிப்பை அடக்க லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது கர்மசிரத்தையாக வீடு காட்டிக்கொண்டிருந்தது.

"சீசனுக்குக் குத்தாலத்துக் காத்து வாங்க வந்திருக்கு போல" என்று பாத்துமுத்து அக்கா முடித்தார். "ஐப்பசில வீட்டுக்கு வரும். அதுக்குள்ள சாகுலு துபாய்ல பேரன் எடுத்திருவான். ஏட்டி ஜமீலா, இதோட இந்தக் கூத்த விட்டுரு. இனிமே இந்த வேலையே வேண்டாம்."

ஜமீலாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து காற்று சுழற்றிச் சாரலை மேஜைமேல் அடித்தது. லேப்டாப் நனைகிறதே என்று ஓடிப்போய் ஜன்னலை மூடினேன். எல்லாரும் அண்ணாச்சி கடை அடுப்பில் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தோம். டீ முடிவதற்குள் லேப்டாப் படக்கென்று அணைந்தது.

நான் ஜன்னலைத் திறந்தேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது. ஜன்னலை மூடினேன். அணைந்தது.

"அண்ணாச்சி, இத்தனை நாளா நாம டெஸ்ட் பண்ணுனது லேப்டாப்பை இல்ல, சாரலை" என்றேன்.

அவர் துண்டை எடுத்து, ஏற்கெனவே காய்ந்திருந்த தலையைத் துவட்டினார்.

விஷயம் அவ்வளவுதான். புது அட்டை பழையதைவிட அதிகம் சூடாகும். உள்ளே இருந்த குட்டி ஃபேன் அந்தச் சூட்டைத் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோகும். மிச்சத்தை எங்கள் ஜன்னல் வழியாக வந்த மலைக்காற்று தள்ளிக்கொண்டிருந்தது. ஜமீலா உட்கார்ந்து வேலை செய்தது மாடி அறையில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஆடி மாதத்திலும் அங்கே அப்பளம் பொரிக்கலாம். இதற்குச் சரியான மருந்து பெரிய ஹீட் சிங்க்கும் பெரிய ஃபேனும். சென்னைக்காரரிடம் சொல்லிவிட்டோம். பார்சல் வர அடுத்த வாரமாகும் என்றார்கள். அட்டையின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். வீட்டுக்குள் நடந்து போகிற படம் விட்டுவிட்டு நொண்டியது.

"சாகுலைக் குத்தாலத்துக்கு வரச் சொல்லு. இங்கன வச்சே காட்டிருவோம். குளிச்ச மாதிரியும் ஆச்சு" என்றார் அண்ணாச்சி. நல்ல யோசனைதான். ஆனால் சாகுல், "வீடு எங்க உம்மாவுக்காகக் கட்டுதது. உம்மா சரின்னு சொன்னாத்தான். முட்டுவலி, அவங்களால எங்கயும் வர ஏலாது" என்றுவிட்டார். சாகுலின் உம்மா ஜமீலா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். அந்தத் தூரம் மட்டும் வருவாராம்.

வியாழக்கிழமை நானே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மாடி அறை வேண்டாம் என்று கீழே கூடத்தில் வைத்தோம். பின்பக்கம் இரண்டு புத்தகத்தைக் கொடுத்து உயர்த்தி, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். ஓடவிட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாத்துமுத்து அக்கா சுவரோரம் உட்கார்ந்து, நமக்கென்ன என்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

சாகுல் தன் உம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். ஜமீலா ஆரம்பித்தாள். வாசல் வந்தது. கூடம் வந்தது. கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, "அந்த ஃபேனை நிப்பாட்டு. எனக்கு நெஞ்சுச் சளி, காத்து ஆகாது" என்றார்.

சாகுல் எட்டி ஃபேனை அணைத்தார். நல்ல பிள்ளை. அவரை அப்போது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஓடாத லேப்டாப்பை வைத்துக்கொண்டா என் வீட்டைக் கட்டப்போகிறாய் என்று கிழவி கேட்டுவிட்டால் தீர்ந்தது. அதனால் காரணம் சொல்லவும் வழியில்லை. திரையின் ஓரத்தில் சூட்டளவு காட்டுகிற எண்ணைப் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. ஜமீலாவும் பார்த்தாள். அவள் குரல் கம்மியது. வீடு இன்னும் அடுக்களையைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு மாடி வேறு இருக்கிறது.

என் வாய்க்கு எப்போதுமே பூட்டு கிடையாது. நகர்ந்து போய் பாத்துமுத்து அக்காவின் காதில் சொன்னேன்: "அக்கா, பொட்டி சூடு ஏறுது, காத்து வேணும். இது மட்டும் அணையாம ஓடி முடிஞ்சிட்டா உங்க மவன் துபாயை விட்டுட்டு ஊருக்கே வந்துருதேன்னு ஜமீலாட்ட சொல்லியிருக்காரு."

அக்கா பூண்டை வைத்தார். என்னைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்ப் பனையோலை விசிறியோடு வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லேப்டாப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார். அப்படி ஒரு வீச்சை நான் எந்த ஃபேனிலும் பார்த்ததில்லை. எண் தயங்கியது. நின்றது. ஒன்று இறங்கியது.

ஜமீலாவின் குரல் திரும்பி வந்தது. கிழவியிடம் சொன்னாள்: "இது அடுக்களை, பெத்தா. சன்னல் கிழக்க பாத்து. இங்கன இருந்து மாடிக்கு ஏறுதோம்..."

சாகுலின் உம்மாவுக்கு ஓரக்கண்ணில் விசிறி பட்டது. "ஏ பாத்துமுத்து, காத்து ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? எனக்கு எதுக்கு விசிறுத?"

பாத்துமுத்து அக்கா கையை நிறுத்தவில்லை. "உனக்கு யாரு விசிறுதா? நான் என் மவனுக்கு விசிறுதேன்."

கிழவி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மகன் யாரும் அங்கே இல்லை. என்ன புரிந்ததோ, மறுபடி திரையைப் பார்த்து, "மாடிப்படியைக் கொஞ்சம் அகலமாப் போடச் சொல்லு. என் முட்டுக்கு இது ஏறாது" என்றார். சாகுல் ஜமீலாவைப் பார்த்து, "போட்டுரு" என்றார். வேலை அவளுக்குத்தான் என்பதை அவர் சொன்ன விதம் அதுதான். ஜமீலா மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அக்கா அப்போதும் விசிறிக்கொண்டே, "அழுவாத ஏட்டி, பொட்டியில தண்ணி பட்டுறப் போவுது" என்றார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் பார்சல் வந்தது. பெரிய ஹீட் சிங்க்கையும் ஃபேனையும் மாற்றினேன். இந்தத் தடவை ஜன்னலை அடைத்து, மேஜைக்குக் கீழே அண்ணாச்சியின் டீ அடுப்பையும் பற்றவைத்து டெஸ்ட் செய்தேன். "அப்ப நான் குளிக்கப் போவ வேண்டாமா?" என்று அண்ணாச்சி பாவமாகக் கேட்டார். "போங்க, லேப்டாப்புக்காகப் போகாதீங்க" என்றேன்.

ஜமீலாவின் புருஷன் சொன்னபடி வந்துவிட்டார். வந்த அன்று மதியம் ஜமீலா எனக்குப் போன் செய்தாள். புருஷன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாராம். மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதாம். மாமி பக்கத்தில் அதே விசிறியை வைத்துக்கொண்டு விசிறு விசிறு என்று விசிறுகிறாராம். "சோறெல்லாம் பறக்குதும்மா, போதும்" என்று அவர் கெஞ்சினாலும் நிறுத்தவில்லையாம்.

"என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டேன்.

"நிறுத்துனா அணைஞ்சிருவானாம்க்கா" என்றாள்.